ஏழாம் சாவடிக்கு மாற்று ஆள்

இரவு ஒன்று ஐம்பது. பாதை முந்நூறு அடி நீளம். ஓர் ஆள் அகலம். இரண்டு பக்கமும் ஆனைக்கற்றாழை முள். முள்ளுக்கு அடியில் கண்ணிவெடி.

விளக்கு கிடையாது. சிகரெட் கிடையாது. இருமல் வந்தால் சட்டைக் கையைக் கடித்துக்கொள்ள வேண்டும்...

ஆ-ஹுவோ இப்படித்தான் ஆரம்பித்தான். தைனான் நகரில், அவனுடைய பெரியப்பா லியாவின் சவப்பெட்டிக்கு முன்னால். மூன்றாம் நாள் இராக்காவல். ஐந்து பேர் தரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஊதுவத்தி அணையக் கூடாது. பெட்டியைப் பூனை தாண்டிவிடக் கூடாது, தாண்டினால் பிணம் எழும். அதற்காகத்தான் இந்த விழிப்பு.

"பூனைக்குக் காவல் உக்காந்திருக்கோம். இவன் பேய்க் கதை சொல்றான்," என்றாள் லியாவின் மகள் ஷியூ-சின்.

"பேயைப் பத்தி இல்லம்மா. ஒரு நாயைப் பத்தி. உங்கப்பா கதைதான்."

"எங்கப்பா எங்ககிட்ட நாயைப் பத்திப் பேசினதே இல்லையே."

"அதான் சொல்றேன். கேளு."

கின்மென் தீவு, எதிரியின் கரையை ஒட்டிய எல்லைக் காவல். லியாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கட்டாய ராணுவப் பணி முடிய இன்னும் ஒன்பதே நாள். தைனானில் அவன் மனைவி பிரசவித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. பையனா பெண்ணா என்றுகூடத் தந்தியில் இல்லை; குழந்தையின் முகத்தை அவன் பார்த்ததில்லை. ஒன்பது நாளும் இரண்டு காதும் ஒழுங்காகக் கழிந்துவிட்டால் கப்பல் ஏறிவிடலாம்.

காது என்றது விளையாட்டுக்கு அல்ல.

எதிர்க்கரை விளக்குகள் தெரிகிற தூரத்தில்தான் எதிரி. ஒற்றைப்படைத் தேதிகளில் அங்கிருந்து குண்டு வரும். இரட்டைப்படைத் தேதிகளில் வராது. அது எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. பழகாதது 'தண்ணிப்பேய்'. பெயர்தான் பேய். உண்மையில் ஆட்கள். நிலவில்லாத இரவில், கடல் உள்வாங்கும் நேரமாகப் பார்த்து, உடம்பெல்லாம் கொழுப்பைத் தடவிக்கொண்டு, வாயில் கத்தியைக் கவ்வி நீந்தி வருவார்கள். காவலில் தனியாக நிற்பவனை முடிப்பார்கள். வந்து போனதற்கு அத்தாட்சியாக ஒரு காதை அறுத்துக்கொண்டு போவார்கள்.

இதனால்தான் ஏழாம் சாவடியில் எல்லோருக்கும் லாவ்ஹேய் மேல் உயிர்.

லாவ்ஹேய் கறுப்பு நாய். நாட்டு இனம். பட்டாளத்துப் பெயர்ப் பட்டியலில் ஒன்பது ஆட்கள், பத்தாவது அது. அதற்கென்று தனியாக அரிசி அளப்பார்கள். வேலை ஒன்றே ஒன்று. காவல் மாறும்போதெல்லாம் பதுங்கறையிலிருந்து புது ஆளுக்கு முன்னால் நடந்து, கரையோரச் சாவடி வரைக்கும் கொண்டுவந்து விடும். பிறகு, நின்று முடித்தவனின் கால்சட்டை ஓரத்தைக் கவ்வி இழுக்கும். வா, போகலாம். துணி ஒருநாளும் கிழிந்ததில்லை. அவ்வளவு பதமான பல். அவனைத் திரும்பக் கொண்டுபோய்ப் பதுங்கறையில் சேர்க்கும். கும்மிருட்டில் அதன் பின்னால் கால் வைத்தால் போதும், கண்ணிவெடி மேல் கால் படாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவாகவே எடுத்துக்கொண்ட உத்தியோகம்.

முன்னங்கால் ஒன்றில் இரண்டு விரல்களைக் குண்டுச் சிதறல் கொண்டுபோயிருந்தது. அதனால் கல் பாவிய பாதையில் அது நடந்தால் தனி ஓசை. டக்... டக்... டக்... பிறகு ஓர் இடைவெளி. மறுபடி டக்... டக்... டக்.

அந்த ஓசை கேட்டால் வருகிறவன் நம் ஆள். நாளடைவில் சங்கேதச் சொல்லைக்கூட யாரும் சரியாகக் கேட்பதில்லை. தினமும் மாறும் சொல். மாலையில் சார்ஜெண்ட் குவோ ஒவ்வொருவன் காதிலும் ஓதிவிட்டு, சொல் எழுதி வந்த சீட்டைக் கொளுத்திவிடுவார். ஆனால் சியூ என்று ஒருவன் இருந்தான், கீலுங் துறைமுகத்துக்காரன். அவன் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

"சங்கேதம்?"

"வாத்து முட்டை."

"டேய், ஒருநாள் சுட்டுடுவேன்டா."

"சுடு. நாய் சாட்சி சொல்லும், வந்தது சியூதான்னு."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை ஒரே ஒரு முறைதான் லாவ்ஹேயின் துணை இல்லாமல் ஒருவன் காவலுக்குப் போனான். பான் என்று பெயர். மலைப்பக்கத்துப் பையன், பேச்சே கிடையாது. போன வருஷம் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்து பதுங்கறையிலேயே படுத்தார். நாய் நாற்றம் அடிக்கிறது, நகத்தால் தரையைச் சுரண்டுகிறது, கட்டிப்போடு என்றார். குவோ தந்திக் கம்பியால் கட்டில் காலில் கட்டினார். இரண்டு மணிக் காவலுக்குப் பான் தனியாகப் போனான். நான்கு மணிக்கு அவனை மாற்றப் போனவன் பார்த்தது, மணல்மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பானை. இடது காது இல்லை.

லாவ்ஹேய் அந்தக் கம்பியை ஈறு கிழியக் கிழியக் கடித்து அறுத்திருந்தது. ஆனால் அதற்குள் விடிந்துவிட்டது.

கதை நடந்த அன்று பழைய சந்திரக் கணக்கில் எட்டாம் மாதத்துக் கடைசி இருட்டு. பான் போய்ச் சரியாக ஒரு வருஷம். அது யார் நினைவிலும் இல்லை.

லியாவுக்குப் பன்னிரண்டு மணிக் காவல். அவனைக் கொண்டுவிட்டுவிட்டு, முன்னவனைக் கூட்டிக்கொண்டு லாவ்ஹேய் போயிற்று. பிறகு கடல் மட்டும்தான். அது மெல்ல மெல்ல உள்வாங்கியது. சிப்பிச் சேற்று வாடை எழும்பியது. அலை ஓசை தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் இல்லாமலே ஆயிற்று. லியாவ் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். குழந்தைக்கு யார் ஜாடை இருக்கும் என்று யோசித்தான்.

டக்... டக்... டக்.

இடைவெளி.

டக்... டக்... டக்.

இரண்டு மணி ஆகிவிட்டதா? சீக்கிரம் வந்த மாதிரி இருந்தது. நனைந்த ரோம வாடை முன்னால் வந்தது. பின்னால் ஓர் ஆள்.

"சங்கேதம்?" என்றான் லியாவ், கடமைக்கு.

"வெள்ளை மலை."

அன்றைய சொல் 'இரும்புப் படகு'. சியூ இல்லாமல் வேறு யார், இன்றைக்கு வாத்து முட்டையை விட்டு மலைக்குப் போயிருக்கிறான். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. சோளச் சாராயம் அடித்திருப்பான்.

"போடா, ஒன்பது நாள்ல எனக்கு இந்தத் தொல்லை விட்டுது," என்றபடி லியாவ் சாவடியின் குறுகல் வாய் வழியாக உடம்பைத் திருப்பி வெளியே வந்தான். தோளோடு தோள் உரசியது. ஈரம். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"தண்ணி நல்லா இறங்கிடுச்சு. பாத்துக்க."

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான். மறுபக்கக் காதை லியாவின் வாயருகே கொண்டுவந்து காத்திருந்தான்.

"தண்ணி இறங்கிடுச்சுன்னேன். பாத்துக்க."

தலை அசைந்தது.

லாவ்ஹேய் கால்சட்டை ஓரத்தைக் கவ்வி இழுத்தது. வழக்கத்தைவிட அவசரமாக. லியாவ் அதன் பின்னால் நடந்தான். நூறு அடி போயிருப்பான். நூற்றைம்பது... எதிரே காலடிச் சத்தம். யாரோ கற்றாழை முள்ளைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

"எங்கடா போச்சு இந்தச் சனியன்?" என்றது குரல். "ஊருக்குள்ள சின்ன வீடு ஏதும் வெச்சிருக்கா? என்னைத் தனியா வர வெச்சிட்டு..."

சியூவின் குரல்.

லியாவ் நின்றான். லாவ்ஹேயும் நின்றது.

"லியாவ்? நீயாடா? நீ ஏன் இங்க நிக்கிறே?"

"நீதானே வந்தே. இப்பதான் வந்தே. உன்கிட்ட..."

"இப்பதான் எழுந்து பூட்ஸ் மாட்டிட்டு வரேன். குவோ அண்ணன் உதைச்சு எழுப்பினாரு. யார்கிட்டடா சாவடியை விட்டுட்டு வந்தே?"

காவலை விட்டு வந்தவனுக்கு ராணுவச் சட்டத்தில் என்ன தண்டனை என்பது லியாவுக்கு மனப்பாடம். கப்பல் இல்லை. குழந்தை இல்லை. சுவரோரம் நிற்க வைப்பார்கள்.

அப்போதுதான் சாவடிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரத்துணியைக் கத்தியால் ஓர் இழுப்பு இழுத்த மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மனிதன் அலறினான். எதிர்க்கரைப் பேச்சுவழக்கு. சேற்றில் சளக் சளக்கென்று ஓட்டம். பலபேர். ஓட்டம் தண்ணீருக்குள் போய்க் கரைந்தது.

லாவ்ஹேய் குரைக்கவில்லை. பாதையில் படுத்து, முகவாயை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே அழுதது.

குவோ ஆறு பேரோடு ஒளிக்குண்டு அடித்துக்கொண்டு வந்தார். கடலிலிருந்து சாவடிக்கு நான்கு பேரின் காலடித் தடம். பதுங்கிப் பதுங்கி வைத்த, நெருக்கமான அடிகள். திரும்பிப் போன தடங்கள் ஓர் ஆள் நீளத்துக்கு ஒன்று. சாவடிக்குள்ளே கொழுப்பு நாற்றம். கீழே ஒரு கத்தி கிடந்தது. ஆள் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பதுங்கறைக்குத் திரும்பியதும் குவோ மற்றவர்களை வெளியே அனுப்பினார். எதிர்க்கரை ஷான்துங்கிலிருந்து பட்டாளத்தோடு வந்தவர், ஐம்பது வயது, ஊரில் விட்டுவந்த குடும்பத்தைப் பற்றி வாயே திறக்காதவர். கண்ணாடிக் கோப்பையில் சாராயம் ஊற்றி லியாவின் முன்னால் தள்ளினார்.

"குடி. அப்புறம் சொல்லு. யார் வந்தாங்க?"

"சியூன்னு நெனச்சேன் அண்ணே. நாய் கூட்டிட்டு வந்துச்சு."

"மூஞ்சியைப் பாத்தியா?"

"இருட்டு."

"சங்கேதம் கேட்டியா?"

"கேட்டேன். தப்பாச் சொன்னான். சியூ எப்பவும் அப்படித்தானே..."

"என்ன சொன்னான்?"

"வெள்ளை மலை."

குவோ கையிலிருந்த தீக்குச்சி விரல் வரைக்கும் எரிந்தது. அவர் அதைப் போடவில்லை.

"இதை யார் உனக்குச் சொன்னது?"

"அவன்தான் அண்ணே."

"போன வருஷம் நான் இதை ஒருத்தன் காதுல சொல்லி அனுப்பினேன்," என்றார் குவோ. "அன்னிக்குச் சீட்டை நானே கொளுத்தினேன். நாயைக் கட்டினதும் நானேதான்."

அவர் பதிவேட்டை இழுத்தார். லியாவ் கண்ணை மூடிக்கொண்டான். பேனா கிறுகிறுத்தது.

"ரெண்டு மணிக்கு முறைப்படி காவல் மாத்தியாச்சுன்னு எழுதியிருக்கேன். பொய்யா அது?"

"இல்ல அண்ணே."

"அப்போ போய்ப் படு."

காலையில் எதிர்க்கரை ஒலிபெருக்கி எழுந்தது. எப்போதும் போல ஒரு பெண். தேன் மாதிரிக் குரல். ஏழாம் சாவடிச் சகோதரர்களே, நேற்றிரவு எங்கள் வீரர்கள் உங்களைப் பார்க்க வந்தார்கள், நினைவாக ஒரு காதைக் கொண்டுவந்திருக்கிறார்கள், காதுக்கு உரியவரின் சட்டையில் இருந்த பெயர்...

பானின் பெயரைச் சொன்னாள். பட்டாள எண்ணையும் சொன்னாள்.

பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் விடாமல் கை காதுக்குப் போயிற்று. குவோ வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒன்பது பேர். பதினெட்டுக் காது.

"யார் காதை அண்ணே கொண்டுபோனானுங்க?" என்றான் சியூ. அவன் முகத்தில் விளையாட்டு செத்துப்போயிருந்தது.

"ஒண்ணை முன்னாடியே எடுத்துட்டாங்க," என்றார் குவோ. "இது மிச்சமிருந்தது. இனி அவனுக்கு ஒண்ணும் கேக்காது."

அதன் பிறகு ஒரு வாரம் இரண்டிரண்டு பேராகக் காவல். ஒன்றும் வரவில்லை. ஆனால் தினமும் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் லாவ்ஹேய் எங்கோ போய்விடும். கற்றாழை ஓரத்தில் அதன் நகம் கேட்கும். இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தால் தயங்கித் திரும்பிவிடும்.

எட்டாம் நாள் பழையபடி ஒற்றைக் காவல் போதும் என்று மேலிடத்து உத்தரவு. அன்றைக்கு லியாவின் கடைசி இரவு. கடைசி இரவு யாருக்கும் காவல் போடுவதில்லை, அது வழக்கம். வேர்க்கடலையும் சாராயமும் வைத்துக் கேலி செய்து அனுப்புவார்கள். ஆனால் சிப்பி முட்டைத்தோசை தின்ற சியூவுக்கு வயிறு நிற்கவில்லை. வாளியோடு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, பன்னிரண்டு மணிக் காவல் எனக்குப் பதிலா ஒரு தடவை நில்லுடா. உன் பையனுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி அனுப்பறேன்."

"பையனா பொண்ணான்னே எனக்குத் தெரியாது. நீ கொலுசு வாங்கறே." லியாவ் துப்பாக்கியை எடுத்தான். மறுத்திருக்கலாம். கடைசி நாளில் கோழை என்று பெயர் எடுக்க மனமில்லை.

இருட்டு. சேற்று வாடை. நேரம் நகரவில்லை.

டக்... டக்... டக்.

"நில். யார்? சங்கேதம்?"

நாய் நெருங்கியது. பின்னால் ஓர் உருவம் இருட்டைவிடக் கறுப்பாக.

"நில். சங்கேதம்?"

டக்... டக்.

மூன்றாம் முறை கேட்டுவிட்டுச் சுட வேண்டும். அதுதான் சட்டம். லியாவ் மூன்றாம் முறை கேட்டான். குரல் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. விரல் விசையில் இருந்தது. குறிக்கு நேராக லாவ்ஹேயின் தலை. அது வாலை ஆட்டியது.

அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

சில்லென்று ஒரு கை வந்து அவன் வலது கையைப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. உள்ளங்கையில், ஊறிப்போன ஒரு விரல்நுனி மெதுவாக எழுத ஆரம்பித்தது. ஒரு கோடு. இன்னொரு கோடு. ஐந்து கோட்டு எழுத்து 'வெள்ளை'. மூன்று கோட்டு எழுத்து 'மலை'.

காது கேட்காதவன் சங்கேதம் சொல்கிறான்.

விரல் உள்ளங்கையை விட்டு எழவில்லை. மறுபடி எழுதியது. மூன்று எழுத்துகள். எழுதிவிட்டு, புரிந்ததா என்பது போல அவன் கையை லேசாக அழுத்தியது.

யார். மாற்றுவது. என்னை.

இரண்டு மணிக்கு வந்த பானை முறைப்படி யாரும் மாற்றவில்லை, நான்கு மணிக்குப் போனவன் கண்டது பிணத்தைத்தான். ஒரு வருஷமாக மாற்றவில்லை. நாய் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. காவலை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வந்தால்தானே?

வாயால் சொன்னால் கேட்காது. லியாவ் அந்தக் குளிர்ந்த கையைத் திருப்பினான். 'தெரியாது' என்று எழுதத்தான் நினைத்தான். பயத்தில் விரல் ஓடிய வழியே ஓடியது. பட்டாளத்தில் இரண்டு வருஷம் தினமும் எழுதி எழுதிப் பழகியது அது ஒன்றைத்தான். பதிவேட்டில், பெயர் என்ற கட்டத்தில்.

பதினான்கு கோடு. லியாவ்.

பானின் கை மூடிக்கொண்டது. பத்திரமாக வாங்கிக்கொண்ட மாதிரி.

மறுநாள் கப்பல் ஏறும்போது லாவ்ஹேய் துறை வரைக்கும் வந்தது. அவனை வெகுநேரம் மோந்து பார்த்தது. முகத்தை அல்ல. கால்சட்டை ஓரத்தை.

ஆ-ஹுவோ நிறுத்தினான். ஊதுவத்தி ஒன்றை மாற்றி வைத்தான். யாரும் தாமரை மடிக்கவில்லை.

"பெரியப்பா ஊருக்கு வந்து நூறு இடம் தேடி இந்த வீட்டை வாங்கினாரு," என்றான். "மூணாம் மாடி. லிப்ட் இல்லாத கட்டடம்."

"முட்டி வலியிலகூட மாற மாட்டேன்னாரு," என்றாள் ஷியூ-சின். "கீழ்வீடு பாக்கறேன்னா, எனக்குப் படி வேணும்னுவாரு. பைத்தியமான்னு நான்கூட..."

"படி எத்தனை தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை.

"அம்பத்திரெண்டு. வந்த முதல் வருஷம், பேர் எழுதின அதே ராத்திரியில, நாலு மணிக்கு, தெருவாசல்ல நகச் சத்தம் கேட்டுதாம். டக், டக், டக். அடுத்த வருஷம் முதல் படி. அதுக்கடுத்த வருஷம் ரெண்டாவது. குவோ அண்ணனுக்குக் கடுதாசி போட்டிருக்காரு. பதில் வந்துச்சு. லாவ்ஹேய், நீ கப்பல் ஏறின அந்தக் குளிர்காலமே செத்துப்போச்சு, ஏழாம் சாவடிக்குப் பின்னாடிதான் புதைச்சோம்னு. புத்தாண்டு ராத்திரி ஒரு தடவை குடிச்சிட்டு, நான் அவரை மாடிக்குத் தூக்கிட்டுப் போறப்ப என்கிட்ட சொன்னாரு. சொல்லிட்டு ஒவ்வொரு படியா எண்ணினாரு. நான் சிரிச்சேன்."

"அண்ணா, போதும்."

"அம்பத்திரெண்டாவது படி இந்த வருஷம்தான். கதவைத் திறந்தது நான்தானே. நாற்காலியில உக்காந்திருந்தாரு. பழைய பூட்ஸ் போட்டு, கயிறு இறுக்கி முடிச்சு. நாலு மணி இருக்கும், நெஞ்சு நின்னுடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. உடுப்பு மாத்தினதும் நான்தான். வலது கை மூடியிருந்துச்சு. ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கி, ராத்திரி பூரா தண்ணில ஊறின மாதிரி. சேத்து விரலால எழுதியிருந்தது. எட்டுக் கோடு. முதல்ல அஞ்சு, அப்புறம் மூணு."

வெளியே தெரு அடங்கிக் கிடந்தது. யாரோ பெட்டியின் பக்கம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அதைத் துடைச்சிட்டேன்," என்றான் ஆ-ஹுவோ. "பேண்ட்டைக் கழட்டறப்ப பாத்தேன். ஓரம் சொதசொதன்னு ஈரம். சேத்து வாடை. நாலு பல்லு அழுத்தமாப் பதிஞ்சிருந்துச்சு."

அவன் குரல் இறங்கியது.

"துணி மட்டும் கிழியல."